ஆதரவு உள்ள அப்பா

பைக்காரா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? போட் ஹவுஸ். தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மோட்டார் போட்டில் ஒரு போட்டோ. கொஞ்சம் தள்ளி அருவி. ரோட்டோரம், ஹீரோவும் ஹீரோயினும் உருண்ட புல்வெளி. தேனிலவுக்கு வந்தவர் என்றால் வேறு சில ஞாபகங்களும் இருக்கலாம். அதெல்லாம் உங்கள் சொந்த விஷயம்.

எனக்கு ஞாபகம் வருவது நாற்பத்து மூன்று படிகள்.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற ரோட்டில் இருபது கிலோமீட்டர் சொச்சம் வந்தால் எங்கள் ஊர். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். மண்ணை வெட்டிக் கல்லைப் பதித்த படிகள். ஒரு படி முழங்கால் உயரம், அடுத்த படி கணுக்கால் உயரம். கட்டியவர் என்ன மூடில் கட்டினாரோ! பைக்காராவில் சமதளம் என்று ஒன்று உண்டென்றால், அது ஏரியின் தண்ணீர்ப் பரப்பு மட்டும்தான்.

அப்பா லோடுமேன். கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு மூட்டைகளை லாரியில் ஏற்றுகிற வேலை. லாரி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும். 2003இல் ஒரு மழை நாளில் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து அப்பா மேல் விழுந்தன. முதுகுத்தண்டு போயிற்று. இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் சும்மா இருக்கின்றன. அப்போது நான் பத்தாவது. (லாரி ஓனர், வக்கீல், நஷ்டஈடு... அது தனிக் கதை. ஆசிரியர் சம்மதித்தால் இன்னொரு வாரம்!)

டாக்டர்கள் குழு பார்த்து 85 சதவீத ஊனம் என்று சர்ட்டிஃபிகேட் கொடுத்தது. "நம்ம குடும்பத்துல ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கின முதல் ஆளு நான்தாண்டா" என்றார் அப்பா. பிற்பாடு ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் நான் பி.காம். முடித்தபோது எடுத்தது 57. அந்த ரெக்கார்டு இன்னும் அப்பாவிடமே இருக்கிறது.

முகாமில் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று கொடுத்தார்கள். மாலையெல்லாம் போட்டுத்தான் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் வீட்டு வாசலில் அதை நிறுத்தினால் அது தானாகவே ஏரியைப் பார்க்கக் கிளம்பிவிடும். கடைசியில் சக்கரத்துக்குக் கல் வைத்து, அதன் மேல் அம்மா விறகு அடுக்கினாள். மழையில் நனையாமல் விறகு காய்வதற்கு அதைப் போல வசதி கிடையாது.

ஆக, அப்பா ரோட்டுக்கு வருவதென்றால் என் முதுகில்தான். சின்ன வயசில் உப்பு மூட்டை விளையாடியிருப்பீர்களே, அதேதான். "மூட்டை தூக்கினவன் மூட்டை ஆயிட்டேன்" என்பார். படி ஏறும்போது காதுக்குள் எண்ணிக்கொண்டே வருவார். ஒண்ணு, ரெண்டு, மூணு... நான் நடுவில் நின்றால் எண்ணிக்கையும் நிற்கும்.

அப்பாவுக்கு அரசாங்க உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. ஆதரவற்ற உடல் ஊனமுற்றோர் ஓய்வூதியம் என்று பெயர். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் 20 ரூபாயில் ஆரம்பித்தது. ஊனமுற்றோருக்கானது 1974இல் வந்தது. 2011இல் 500 ரூபாய் 1,000 ஆனபோது எங்கள் வீட்டில் அன்று சாயங்காலம் கோழிக் குழம்பு.

அந்தப் பெயரில் முதல் வார்த்தையைக் கவனித்தீர்களா? ஆதரவற்ற. அன்றைய விதிப்படி வருமானமும் இருக்கக்கூடாது, தாங்கிப் பிடிக்க ஆளும் இருக்கக்கூடாது. நான் அப்போது வீட்டில் வெட்டியாக இருந்தேன். பி.காம். முடித்து மூன்று வருஷம், ஊட்டியில் சீசன் கடைகளில் பில் போடுகிற வேலை, மற்ற மாதங்களில் டீக்கடை பெஞ்சு. தினமும் அப்பாவைத் தூக்கினேன், குளிப்பாட்டினேன், புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்தேன், மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆனால் என்னிடம் சம்பளம் இல்லை. எனவே காகிதத்தில் அப்பா ஆதரவற்றவர்.

2012 ஜூனில் கோயமுத்தூரில் வேலை கிடைத்தது. ஒரு ஸ்பின்னிங் மில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். சம்பளம் 6,500.

எங்கள் ஊரில் இருக்கிற எதுவும் கோயமுத்தூருக்குத்தான் இறங்கும். 1932இல் பைக்காராவில் தண்ணீரிலிருந்து கரண்ட் எடுத்தார்கள். அந்தக் கரண்ட் கோயமுத்தூருக்குப் போய்த்தான் அங்கே மில் மில்லாக முளைத்தது. கரண்ட் போன வழியிலேயே பையன்களும் போனோம். ஒரு வித்தியாசம். கரண்டுக்கு மீட்டர் உண்டு.

நான் கிளம்பிய நாளில் அப்பா ரோடு வரை வந்து வழியனுப்ப வேண்டும் என்றார். வழியனுப்ப வருகிறவரை நானே தூக்கிக்கொண்டு போனேன்! பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது, அவரைத் திரும்ப யார் கீழே இறக்குவார்கள் என்று. பக்கத்து வீட்டு லாரி க்ளீனர் பையன் இறக்கிவிட்டானாம். அன்றைக்கு ஓசி. அப்புறம் ஏற்ற ஐம்பது, இறக்க ஐம்பது என்று ரேட் வந்தது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் முதுகு அவனுக்கு.

இந்த இடத்தில் ஒரு காமர்ஸ் கிராஜுவேட்டாக நான் ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும். தூக்குகூலி, ஆஸ்பத்திரித் துணைக்கு அம்மா கேரட் தோட்டத்தில் இழக்கிற நாள்கூலி, தண்ணீர் எடுத்துவர ஆள். நான் 'சும்மா' இருந்தபோது செய்ததற்கெல்லாம் விலை போட்டால் என் சம்பளத்தில் பாதி வந்திருக்கும். போடவில்லை. மெஸ்ஸுக்கு 2,200, ரூமுக்கு 1,200, மிச்சத்தில் 1,500 அனுப்பினேன். ஆறு மாதம் ஒழுங்காக அனுப்பினேன்.

ஏழாவது மாதம் ஒரு செகண்ட் ஹாண்ட் ஸ்ப்ளெண்டர் வாங்கினேன்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது ஸார். ஆபீஸில் எல்லோரும் பைக்கில் வரும்போது நான் மட்டும் டவுன் பஸ் ஃபுட்போர்டில் தொங்கினால் எப்படி? தவணை மாதம் 1,850. அடுத்த மாசம் சேர்த்து அனுப்பிடலாம், அடுத்த மாசம் சேர்த்து அனுப்பிடலாம் என்று ஐந்து மாதம் போயிற்று. போனில் அப்பா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "வண்டி மைலேஜ் என்ன குடுக்குது?" என்று கேட்டார்.

அந்த ஐந்து மாதத்துக்குள்தான் சரிபார்ப்பு வந்தது. உதவித்தொகை வாங்குகிறவர்கள் எல்லாம் நிஜமாகவே தகுதி உள்ளவர்கள்தானா என்று பார்க்கிற சடங்கு. எந்த அலுவலகம், யார் வந்தார் என்பதெல்லாம் வேண்டாம். வந்தவர் நல்ல மனுஷர். நாற்பத்து மூன்று படி இறங்கி வந்து, அம்மா கொடுத்த கட்டன் டீயைக் குடித்துவிட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறார்.

"பெரியவரே, பையன் இருக்கானா?"

"இருக்கான்."

"என்ன பண்றான்?"

"கோயமுத்தூர்ல மில்லு ஆபீஸ்ல இருக்கானுங்க."

"பணம் அனுப்பறானா?"

"அனுப்புவானுங்க."

கவனித்தீர்களா? கேள்வி நிகழ்காலம், பதில் எதிர்காலம். வந்தவரும் கவனித்துவிட்டார். பேனாவை மூடி வைத்தாராம். "இங்க பாருங்க, மகன் ஆதரவு இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பென்ஷனுக்கு ஒண்ணும் வராது. நான் பாத்துக்கறேன்."

"அப்படி எழுத மாட்டேனுங்க."

"அவன் அனுப்பலைதானே?"

"அது வேற. எழுத மாட்டேன்."

அம்மா நடுவில் புகுந்து, அந்த வரியைத் தானே சொல்லப் பார்த்திருக்கிறாள். அப்பா ஒரு பார்வை பார்த்தாராம். டீக்கடைக்காரர் வேறு ஒரு வழி சொன்னார். "ரேஷன் கார்டுல பையன் பேரை எடுத்துடு. தனிக்கட்டைனு ஆயிடும்." அப்பா, "பேரை எடுத்தா பையன் இல்லைனு ஆயிடுமா? எங்க வீட்டு அரிசி தின்னவன்தானே" என்றார். அதோடு சரி. வந்தவர் என்ன எழுத முடியும்? மகன் உள்ளார், வேலை செய்கிறார், ஆதரவு உள்ளது. அடுத்த மாதம் ஆயிரம் ரூபாய் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

அதாவது, நான் வீட்டில் இருந்து முதுகு கொடுத்த காலத்தில் அப்பா ஆதரவற்றவர். முதுகையும் எடுத்துக்கொண்டு, பணத்தையும் அனுப்பாமல், ஸ்ப்ளெண்டரில் காந்திபுரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் அப்பா ஆதரவு உள்ளவர்!

ஆயுத பூஜை லீவில் பைக்கிலேயே ஊருக்குப் போனேன், காட்டத்தான். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போதே மனசுக்குள் ஒரு பெருமை. வீட்டில் அப்பாவின் நோட்டுப் புத்தகம் ஜன்னலில் இருந்தது. மாதா மாதம் வந்த பணத்தைத் தேதியோடு எழுதி வைப்பார். லோடு எண்ணிப் பழகிய கை. புரட்டினேன். ஏப்ரலுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. என் பெயருக்கென்று போட்டிருந்த பத்தியில் அதற்கும் முன்பிருந்தே ஒன்றும் இல்லை. இரண்டு பத்தியும் பக்கத்துப் பக்கத்தில் வெள்ளையாக இருந்தன.

அம்மாதான் தண்ணீர்க் குழாயடியில் எல்லாவற்றையும் சொன்னாள். ராத்திரி அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தபோது முதுகில் புதிதாக ஒரு புண். கேட்டுவிட்டேன்.

"ஏம்ப்பா, நான் அனுப்பலைங்கறது உண்மைதானே? உண்மையைத்தானே எழுதச் சொன்னாங்க?"

"உண்மைதாண்டா. நீ அடுத்த மாசம் அனுப்பிட்டீன்னா அது மாறிடும். பேப்பர்ல ஏத்திட்டா மாறுமா?"

நான் பேசவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வண்டி மலை ஏறும்போது சூடாகுதா?" என்று கேட்டார்.

பைக்கை வித்தேன். வாங்கினதைவிட மூவாயிரம் நஷ்டம். அதைப் பற்றி ரொம்பப் பேச வேண்டாம். நான் தியாகி இல்லை. வேறு வழி இல்லை.

அப்புறம் நாலைந்து வருஷம் மனு எழுதுவதே என் பொழுதுபோக்கு. அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், உங்களில் யாருக்காவது உதவும்.

பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று 2007இல் மத்திய அரசு தனிச் சட்டமே போட்டது. பிள்ளை பார்க்கவில்லை என்றால் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். மாதம் 10,000 வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போட அதில் இடம் இருக்கிறது. ஆக, பிள்ளைக்குக் கடமை உண்டு என்கிறது சட்டம். அந்தக் கடமை நிறைவேறிவிட்டது என்றே எடுத்துக்கொண்டது அன்றைய உதவித்தொகைக் காகிதம். நடுவில் மணியார்டர் வந்ததா என்று பார்க்கத்தான் ஆள் இல்லை. தீர்ப்பாயத்துக்குப் போனால் பிள்ளை மேல் புகார் சொல்ல வேண்டும். ஒரு வரி எழுத மறுத்த மனுஷர் அங்கே போவாரா?

வழி வேறு பக்கம் இருந்தது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் பராமரிப்பு உதவித்தொகை என்று ஒன்று உண்டு. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு, அதாவது 75 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. இது இன்னொரு ஜன்னல், இன்னொரு படிவம். அங்கே அப்பாவிடம் சதவீதத்தைக் கேட்டார்கள். பையனைக் கேட்கவில்லை. "எம்பத்தஞ்சு" என்று அப்பா சொன்ன தோரணையைப் பார்க்க வேண்டுமே! 2017இல் கிடைத்தது. அப்போது 1,500. பிற்பாடு 2,000 ஆயிற்று. பழைய பென்ஷனை மறுபடி கேட்டு நாங்கள் போகவில்லை.

2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அதில் ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மற்றவர்களுக்குக் கொடுக்கிற உதவியைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் அதிகம் தர வேண்டும். 2023இல் இங்கே ஊனமுற்றோர் ஓய்வூதியம் 1,500 ஆயிற்று. அதே வருஷம் முதியோருடையது 1,200 ஆயிற்று. கால்குலேட்டரைத் தட்டிப் பாருங்கள், சரியாக 25! ஒரு பைசா கூட இல்லை, குறைவும் இல்லை. என்னைப் போல ஒரு பி.காம். அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அதிகமான துணை தேவைப்படுகிறவர்களுக்கு, பார்த்துக்கொள்கிறவருக்கான படி என்று ஒன்றையும் அந்தச் சட்டம் சொல்கிறது. முதுகுக்கும் விலை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டதை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன்.

என்னோடு படித்த ஒருத்தன் இங்கிலாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறான். அவனிடம் இதைப் புலம்பியபோது விழுந்து விழுந்து சிரித்தான். அங்கே வருமானம் குறைந்த முதியவர்களுக்குத் தருகிற பென்ஷன் கிரெடிட்டில், கடும் ஊனம் இருந்தால் கூடுதலாக ஒரு தொகை உண்டாம். ஆனால் வீட்டில் வயசுக்கு வந்த இன்னொருவர் கூட இருந்தால் பொதுவாக அது கிடையாதாம். பையன் தனி வீடு போனால், மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால், கிடைக்குமாம். இங்கே பையன் வெளியே போனதும் பணம் போயிற்று, அங்கே பையன் வெளியே போனால் பணம் வருகிறது! அதிலும் கோளாறு இல்லாமல் இருக்காது. அம்மாவுக்குப் பணம் வர வேண்டுமென்று பையனை வெளியே அனுப்புகிற வீடும் இருக்கும். இருந்தாலும் அந்த விதியை எழுதினவனுக்கு, படியில் தூக்க ஒரு ஆள் வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

இன்னொரு கூத்து பாக்கி இருக்கிறது. 2018இல் கொஞ்சம் பெரிய கம்பெனிக்கு மாறினேன். வருமான வரி கட்டுகிற அந்தஸ்து வந்துவிட்டது. பிப்ரவரியில் ஆபீஸ் முழுக்க எல்.ஐ.சி. ரசீது தேடி ஓடுமே, அந்த நேரத்தில் சீனியர் ஒருவர் கேட்டார், "உங்க அப்பாவுக்குத்தான் சர்ட்டிஃபிகேட் இருக்கே, நீங்க ஏன் கழிக்கலை?" 1961 சட்டத்தில் 80டிடி. படிக்கிற காலத்தில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பிரிவு. சொந்த அப்பாவோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. உங்களைச் சார்ந்திருக்கிற மனைவி, பிள்ளை, பெற்றோர், கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் வருமானத்தில் 75,000 கழித்துக்கொள்ளலாம். 80 சதவீதமும் மேலும் என்றால் 1,25,000. ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் பழைய முறையில் வரி கட்டினால்தான். புதிய முறைக்கு மாறினால் இந்தக் கழிவு கிடையாது. இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு டிக் அடியுங்கள். சும்மா டிக் அடிக்காதீர்கள்.

படிவத்தில் நான் உறுதி சொல்ல வேண்டியது, அப்பா முழுக்கவோ பெரும்பாலுமோ என்னைச் சார்ந்திருக்கிறார் என்று. பேனா அங்கேயே நின்றுவிட்டது. ஒரு அரசாங்கக் காகிதத்துக்கு, பையன் பார்க்கவில்லை என்று அப்பா எழுத வேண்டியிருந்தது. இன்னொரு அரசாங்கக் காகிதத்துக்கு, நான்தான் பார்க்கிறேன் என்று பையன் எழுத வேண்டியிருக்கிறது. ஒரே அப்பா. ஒரு லெட்ஜரில் பற்று, இன்னொரு லெட்ஜரில் வரவு. அன்றைக்கு அந்த வரியை எழுதியிருந்தால், இன்றைக்கு இதை எந்தக் கையால் எழுதுவேன்?

கையெழுத்துப் போட்டேன். வரி மிச்சமானதை அப்படியே ஊருக்கு அனுப்பினேன். தேதி போட்டு நோட்டில் ஏறியதாக அம்மா சொன்னாள்.

இப்போது அந்த வேலையும் இல்லை. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறேன். வருமான வரிக்காரர்கள் என்னைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒரு லாபம், நினைத்தபோது ஊருக்குப் போகலாம். போன மாதம் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் இருந்தது. உறைபனி விழுந்து படியெல்லாம் உப்புத் தூவினது போல இருந்தது. க்ளீனர் பையன் இப்போது டிரைவர் ஆகிவிட்டான், கல்யாணமும் ஆகிவிட்டது. அவன் வருகிறேன் என்று நின்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்பாவை நானே முதுகில் ஏற்றிக்கொண்டேன்.

ஒண்ணு, ரெண்டு, மூணு என்று காதுக்குள் ஆரம்பித்தது. அப்பா இளைத்திருக்கிறார். எடை தெரியவே இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் ஏறினேன். பதினெட்டில் மூச்சு வாங்கியது. இருபத்தி ஆறில் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

எண்ணிக்கையும் நின்றது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு காதுக்குப் பக்கத்தில் அப்பா சொன்னார்:

"ஆபீஸ் உடம்புடா. மெதுவா ஏறு. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."